பெரிய வீடு குழு: ஆச்சி பூக்கட்டும் படம்

கவின்: (படம்) காலையில் ஆச்சி திண்ணையில் பிச்சிப்பூ கட்டும்போது எடுத்தேன்.

சுதா அத்தை: அம்மாவின் நகத்தில் இருக்கும் மஞ்சள் கறைகூடத் தெரிகிறதே! முகம் ஏன் கரைந்த மாதிரி இருக்கிறது? ஓரத்தில் ஆரஞ்சாக ஏதோ வழிகிறது. எந்த ஆப்பில் செய்தாய்?

கவின்: ஆப் எதுவும் இல்லை அத்தை. லென்ஸைக் கழற்றி, கேமராவுக்கு முன்னால் கையால் பிடித்துக்கொண்டே எடுத்தது. ஃப்ரீலென்ஸிங் என்பார்கள். ஆரஞ்சு நிறம், நடுவில் உள்ள இடுக்கு வழியே புகுந்த வெயில்.

கவின்: லென்ஸைச் சாய்த்தால் ஃபோகஸ் விழும் தளமும் சாய்ந்துவிடும். வாழைநார் முடிச்சும் விரல்நுனியும் தெளிவு, அதே தூரத்தில் இருக்கிற பூக்கூடை மங்கல். எது தெளிவாக வர வேண்டும் என்பதை என் கையே முடிவு செய்கிறது. அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது.

முரளி சித்தப்பா: இந்தச் சாய்வு விஷயத்துக்குப் பெயர் ஷெய்ம்ஃப்ளூக் விதி. ஷெய்ம்ஃப்ளூக் ஓர் ஆஸ்திரியாக்காரர். வானிலிருந்து எடுத்த படங்களின் கோணலைச் சரிசெய்ய 1904-ல் காப்புரிமை வாங்கினார். துருத்தி வைத்த பழைய கேமராக்களில் முன்பலகையைச் சாய்ப்பதும் இதற்குத்தான். எல்லாம் சரி, படம் பதியும் சென்சாரைத் திறந்து வைத்தால் தூசி விழுமே?

கவின்: விழும் சித்தப்பா. அதனால் காற்றடிக்கும்போது எடுப்பதில்லை, ஃபேனையும் நிறுத்திவிடுவேன். முடிந்ததும் கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ப்ளோயரால் ஊதுவேன். வாயால் ஊதவே கூடாது, எச்சில் தெறிக்கும்.

செல்வி: அண்ணா, என் சோனியில் லென்ஸைக் கழற்றினால் க்ளிக்கே ஆகவில்லை!

கவின்: லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க மெனுவில் ஒரு வசதி இருக்கும், அதை ஆன் பண்ணு. கேமராவை மேனுவல் மோடில் வை, வெளிச்ச அளவை நாமே வைக்கணும். லென்ஸ் ஃபோகஸ் இன்ஃபினிட்டியில், அதாவது மிகத் தொலைவில், இருக்கட்டும். திரையைப் பார்த்துக்கொண்டே லென்ஸை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்து, துளிதான் சாய்க்கணும். சூரியனுக்கு நேரே மட்டும் திருப்பாதே, பக்கவாட்டு வெயில் போதும்.

முரளி சித்தப்பா: என் பழைய நிக்கான் ஃபிலிம் கேமராவின் 50 எம்எம் லென்ஸ் பீரோவில் கிடக்கிறது. உதவுமா?

கவின்: அதைவிட நல்லது கிடையாது சித்தப்பா! அபெர்ச்சர் வளையம் (ஒளி புகும் துளையை மாற்றுவது) லென்ஸிலேயே இருப்பதால் துளையை முழுதாகத் திறந்து வைக்கலாம். வளையம் இல்லாத பிந்தைய நிக்கான் லென்ஸ்கள் பலவற்றைக் கழற்றினால் துளை சுருங்கிவிடும். அதோடு, உங்களுடையது போன்ற நிக்கான் எஃப் வகை லென்ஸின் மவுன்ட் (கேமராவில் பூட்டும் பகுதி) சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி இருக்கணும். செல்வியின் சோனியில் அந்த இடைவெளி 18 மி.மீ.தான். மிச்சம் 28.5 மி.மீ. சாய்த்து விளையாட இடம். தெருக்கோடிக் கோபுரம்கூடத் தெளிவாக வரும். என்னுடையது உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமரா, அதில் அந்த இடம் இல்லை, கிட்டத்தில் இருப்பதுதான் வரும்.

செல்வி: சித்தப்பா, எனக்கு எனக்கு!

சுதா அத்தை: அம்மா முகம் தெளிவாக ஒன்று எடு கவின்.

கவின்: சரி அத்தை, சாயங்கால வெயிலில் கண் மட்டும் தெளிவாக எடுக்கிறேன்.

முரளி சித்தப்பா: லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் செல்வி.