மூத்திரத்தில் ரத்தம்: தோட்டப்புறத்தில் எந்த இடத்தில் நாள் வீணாகிறது?

பழைய டிரெஸ்ஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்), சுங்கை சிப்புட், மலேசியா

வலியே இருக்காது. ஒரு நாள் சிவப்பாகப் போகும், மறுநாள் தெளிந்துவிடும். தோட்டப் பக்கம் இதற்குப் பதில் தயாராக இருக்கிறது: உடம்புச் சூடு, இல்லாவிட்டால் கல். இளநீரும் பார்லித் தண்ணீரும் உள்ளே போகும், ரத்தம் நிற்கும், பார்லிக்குப் பேர் வந்துவிடும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து வரும் ரத்தம் தானாகவே நின்று, வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில் கூடத் தலைகாட்டாது. நின்றதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கிளினிக்கில் "ரத்தம் போகுதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், ஏனென்றால் இன்றைக்குப் போகவில்லை. "எப்போதாவது ஒரே ஒரு தடவையாவது சிவப்புச் சிராப் நிறத்தில் போச்சா?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் மாறும். பிறகு நிறத்தைப் பிரியுங்கள். சிவப்பும் கட்டிகட்டியாகவும் என்றால் சிறுநீர்ப்பை, புரோஸ்டேட் சுரப்பி பக்கம் சந்தேகம். புழு மாதிரி நீளக் கட்டி என்றால் அதற்கு மேலே, சிறுநீரகக் குழாய். கோப்பி நிறமும், மூத்திரத்தில் முக்கிப் பார்க்கும் ஸ்ட்ரிப்பில் புரோட்டீனும் இருந்தால் சிறுநீரக டாக்டரும் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் மட்டும் சிவப்பா, கடைசியிலா, முழுக்கவா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சிவப்பு டிராகன் பழம், பீட்ரூட், காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் எல்லாம் நிறம் மாற்றும். அது ரத்தமா இல்லையா என்று ஸ்ட்ரிப் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடும்.

லேப் பக்கத்திலிருந்து

அண்ணே, அந்த ஸ்ட்ரிப்பை நம்புவதற்கு முன்னால் டப்பாவைப் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் மூடி சரியாக மூடாமல் கிடந்த டப்பா பொய் சொல்லும். முக்கி உடனே எடுத்து, ஓரத்தைத் துடைத்து, டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்குப் படியுங்கள். ஸ்ட்ரிப்பில் ரத்தம் காட்டும் கட்டத்துக்குப் பெரும்பாலும் 60 விநாடி. ஐந்து நிமிஷம் கழித்து வந்து பார்த்து "பாசிட்டிவ்" என்று எழுதுவது தப்பு. வைட்டமின் சி மாத்திரை நிறைய போடுகிறவருக்கு ரத்தம் இருந்தும் நெகட்டிவ் காட்டலாம். மாதவிடாய் நாளில் எடுத்தது கணக்கில் வராது.

ஸ்ட்ரிப் பாசிட்டிவ் என்றால் மைக்ரோஸ்கோப்புக்கு அனுப்புங்கள். பெரிய லென்ஸில் ஒரு பார்வைப் பரப்புக்கு 3 சிவப்பணு அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் "கண்ணுக்குத் தெரியாத ரத்தம்" என்று சொல்கிறோம். ஸ்ட்ரிப் பாசிட்டிவ், அணு ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலும் இரண்டு வழி: கடுமையான வேலையில் தசை நைந்து வரும் மயோகுளோபின் என்கிற புரதம், அல்லது அணுக்கள் உடைந்துபோன பழைய மூத்திரம். இரண்டாவதுதான் தோட்டங்களில் நடக்கிறது. காலையில் பிடித்த போத்தல் வேனில் வெயிலில் இருந்துவிட்டு மதியம் வந்து சேர்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் வரட்டும்.

புற்றுநோய் அணு பார்க்கும் சைட்டாலஜிக்கு விதி வேறு. காலையில் முதல் மூத்திரம் வேண்டாம். ராத்திரி முழுக்கப் பையில் ஊறி அணுக்கள் சிதைந்திருக்கும். இரண்டாவது தடவை போவதைப் பிடிக்கச் சொல்லுங்கள், 30 மில்லிக்குக் குறையாமல். இந்தச் சோதனை வீரியம் அதிகமான கட்டியை நன்றாகக் காட்டும், வீரியம் குறைந்ததைப் பெரும்பாலும் தவற விடும். ஆக, நெகட்டிவ் என்று வந்ததை வைத்து, பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பை ரத்து செய்யாதீர்கள்.

வார்டு சிஸ்டர்

பெண்களுக்குத்தான் அதிக நாள் வீணாகிறது. எரிச்சலும் ரத்தமும் என்று வந்தால் "கிருமி" என்று ஆன்டிபயாடிக், மறுபடியும் அதே. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுத்திருக்கவே மாட்டார்கள். மருந்து முடிந்தபின் மூத்திரம் திரும்பப் பார்க்க வேண்டும். கிருமி போயும் ரத்தம் இருந்தால் மூன்றாவது கோர்ஸ் எழுதுவதற்குப் பதில் ரெஃபரல் கடிதம் எழுதுங்கள். இன்னொரு சாக்கு: "ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், அதனால்தான்." வார்ஃபரின், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கும் முழுப் பரிசோதனை வேண்டும். மாத்திரை சும்மா கிடக்கும் கட்டியை ரத்தம் கசிய வைத்து முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதும் உண்டு.

தோட்டத்துப் பையன்

பால்மரம் (ரப்பர் மரம்) சீவுறவங்களுக்கு இந்தப் புற்றுநோய் வருமா? எங்க லயத்துல பயப்படுறாங்க.

பழைய டிரெஸ்ஸர்

தம்பி, பால்மரம் சீவுவது வேறு, ரப்பர் சாமான் செய்யும் ஆலை வேறு. ஆலையில் ரப்பரோடு சேர்த்த நாஃப்தைலமின் வகை ரசாயனங்கள்தான் இந்தப் புற்றுநோயோடு உறுதியாகச் சேர்க்கப்பட்டவை. பிரிட்டனில் அதை 1949-இல் நிறுத்தினார்கள். சாயத் தொழிலாளர்களிடம் 1895-லேயே லுட்விக் ரேன் என்கிற ஜெர்மன் டாக்டர் கண்டுபிடித்த கதைதான் இதற்கெல்லாம் முன்னோடி. தோட்டத்தை விட்டு டயர், சாயம், பெயிண்ட் வேலைக்குப் போனவர்களைத் தனியாகக் கேளுங்கள். அந்த வேலையை விட்டு 20 வருஷம் கழித்தும் வரலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே சிகரெட். ஏறக்குறைய பாதிக் கேஸ் அதனால்தான். கணக்கு: ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் (20 சிகரெட்), எத்தனை வருஷம், இரண்டையும் பெருக்குங்கள். நாளைக்குப் பத்து சிகரெட், அதாவது அரை பாக்கெட், 40 வருஷம் என்றால் 20. விட்டுவிட்டவருக்கும் பழைய கணக்கைக் கடிதத்தில் எழுதுங்கள். சர்க்கரைக்குப் பியோகிளிட்டசோன் சாப்பிடுகிறாரா என்பதையும் சேருங்கள்.

ஸ்கேன் அறை

அல்ட்ராசவுண்டுக்கு ஒன்னுக்குப் போய்விட்டு வராதீர்கள், பை நிறைந்திருக்க வேண்டும். காலிப் பையின் சுவர் மடிந்து கட்டி போலவும் தெரியும், கட்டியை மறைக்கவும் செய்யும். உள்ளே ஏதோ தெரிந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பார்ப்போம்: ரத்தக்கட்டி நகரும், சுவரில் வளர்ந்தது நகராது. ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் சந்தேகம் தீராது. சில மில்லிமீட்டர் கட்டியும் சுவரோடு தட்டையாகப் பரவும் வகையும் இதில் தப்பிவிடும். சாய மருந்து ஏற்றி எடுக்கும் சிடி யூரோகிராம் கேட்டால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிசல்ட்டைக் கையோடு கொண்டு வரச் சொல்லுங்கள். அது இல்லாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாகிறது.

வார்டு சிஸ்டர்

"கம்பி விடுறாங்க" என்ற பேச்சைக் கேட்டே ஆண்கள் ஸ்கோப் தேதிக்கு வராமல் போகிறார்கள். வளைந்து கொடுக்கும் மெல்லிய குழாய்தான். மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன் ஜெல் போட்டுச் சில நிமிஷம் பொறுத்துத்தான் நுழைப்பார்கள். பார்ப்பது சில நிமிஷ வேலை. அவசரப்பட்டு ஜெல் வேலை செய்வதற்குள் ஆரம்பித்தால்தான் வலி. மூத்திரத்தில் கிருமி இருந்தால் தேதி தள்ளிப்போகும், அதனால் முன்பே பார்த்துவிடுங்கள். ரத்தம் இளக்கும் மாத்திரையை அவர்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுச் செய்யட்டும். முடிந்தபின் ஓரிரு நாள் எரிச்சலும் இளஞ்சிவப்பும் சகஜம். காய்ச்சலோ மூத்திரம் அடைப்போ வந்தால் உடனே எமர்ஜென்சி.

தட்டையான வகை சாதாரண வெள்ளை வெளிச்சத்தில் வெறும் சிவப்புத் தடம் போல இருக்கும், கிருமி என்று விட்டுவிடலாம். அதற்கென்று உள்ள மருந்தைப் பைக்குள் ஒரு மணி நேரம் முன்பே விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் அது ஒளிரும். அந்த வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு நோயறிதல் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரிப்போர்ட்டில் மூன்றைத் தேடுங்கள்: வீரியம், ஆழம், எடுத்த துண்டில் தசை இருந்ததா. தசை இல்லாவிட்டால் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. டி1 (உள்தோலைத் தாண்டியும் தசையைத் தொடாதது) என்று வந்தாலும் சரி, தசையே இல்லாமல் வந்தாலும் சரி, 2 முதல் 6 வாரத்துக்குள் மறுபடி சுரண்டச் சொல்வார்கள். வீரியம் குறைந்த மேலோட்டமான கட்டிக்கு மட்டும் விலக்கு உண்டு. "ஒரு தடவைதான் எடுத்தாச்சே" என்று இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

பழைய டிரெஸ்ஸர்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று: கட்டி எடுத்த மூன்றாம் மாதம் மறுபடி பார்க்கும் ஸ்கோப். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது என்பதை அன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள். தேதி தீபாவளி வாரத்தில் விழுந்தால் முன்னால் இழுக்கச் சொல்லுங்கள், தள்ளிப்போடச் சொல்லாதீர்கள்.