ஊரைக் கூட்டி நடந்ததைப் பேசவைக்கலாமா?

கரையோரம்:
சண்டை ஓய்ந்து ஆறு வருடமான ஒரு பகுதியில் சின்னதாக ஒரு தன்னார்வக் குழு நடத்துகிறோம். இரண்டு தரப்பும் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் முகம் பார்த்துப் பேசுவதில்லை. ஒரு நாள் எல்லோரையும் கூட்டி, யார் என்ன செய்தார்கள், யார் என்ன இழந்தார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லவைத்து, மன்னிப்பும் கேட்கவைக்கலாம் என்கிறார்கள் குழுவில் பலர். எனக்குப் பயமாக இருக்கிறது. பேசாமலே விட்டால் உள்ளே புரையோடும் என்பதும் புரிகிறது. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தேன்மொழி:
உங்கள் பயம் நியாயமானது. சியரா லியோனில் 2002இல் போர் முடிந்து சில வருடங்களில், ஃபம்புல் டோக் என்ற உள்ளூர் அமைப்பு (கிரியோ மொழியில் 'குடும்பப் பேச்சு' என்று பொருள்) கிராமம் கிராமமாகப் போய், இரவில் நெருப்பு மூட்டி, கொடுமை செய்தவர்களையும் அனுபவித்தவர்களையும் அதைச் சுற்றிப் பேசவைத்தது. இதன் விளைவை 200 கிராமங்களில், கூட்டம் நடந்த இடங்களையும் நடக்காத இடங்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2016இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். நடந்த ஊர்களில் மன்னிக்கும் மனம் கூடியது, உறவுகள் பலப்பட்டன, பொதுவேலைக்கு மக்கள் அதிகம் கை கொடுத்தார்கள். ஆனால் அதே ஊர்களில் மனச்சோர்வும் பதற்றமும் போர் நினைவுகள் தரும் உளைச்சலும் கூடின. 31 மாதம் கழித்துப் பார்த்தபோதும் நன்மை, தீமை இரண்டும் அப்படியே இருந்தன. ஆகவே கூட்டம் முடிந்த மறுநாள் காலையில், அழுது பேசிய அந்த அம்மாவின் வீட்டுக்கு யார் போவார்கள் என்பதற்கு உங்களிடம் பதில் இல்லையென்றால் தயவுசெய்து நடத்தாதீர்கள்.

வழிப்போக்கன்:
நானும் அதையேதான் சொல்வேன். மன்னிப்பில் தொடங்காதீர்கள், அன்றாடத் தேவையில் தொடங்குங்கள். கென்யாவின் வஜீரில் 1990களின் தொடக்கத்தில் குலச் சண்டை முற்றியபோது, டேகா இப்ராஹிம் அப்தியும் இன்னும் சில பெண்களும் முதலில் பிடித்துக்கொண்டது சந்தையை. எந்தக் குலத்துப் பெண்ணும் பயமில்லாமல் வாங்கலாம், விற்கலாம் என்ற நிலையைக் கொண்டுவந்து, தகராறு வந்தால் உடனே தீர்க்க ஆள் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் குலப் பெரியவர்கள், இளைஞர்கள், கடைசியில் 1995இல் அரசு அதிகாரிகளும் சேர்ந்த அமைதிக் குழு. நான் வேலை பார்த்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு பள்ளிக்கூடக் கூரை. இரண்டு தரப்புப் பிள்ளைகளும் நனைந்தார்கள், அதனால் இரண்டு தரப்பும் வந்தது. முதல் வருடம் முழுக்க ஒருவரும் போரைப் பற்றி வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வருடம் ஓடு அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், யாரும் கேட்காமலேயே தன் மகனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மணற்கேணி:
சரி, ஆனால் கூரை போட்டுவிட்டால் காணாமல் போனவர் எங்கே என்ற கேள்வி போய்விடுமா? ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு, காச்சாச்சா என்ற ஊர்மன்றங்கள் சுமார் 12,000 இடங்களில் 2012 வரை நடந்தன. அவற்றில் நிறையக் குறைகள். சாட்சிகள் மிரட்டப்பட்டார்கள், வென்ற தரப்பின் படை செய்த கொலைகள் விசாரணைக்கே வரவில்லை. அப்படியிருந்தும் தங்கள் ஆட்களின் உடல் எங்கே கிடக்கிறது என்று பல குடும்பங்களுக்கு அங்கேதான் தெரியவந்தது. 'பழசைக் கிளறாதே' என்று சொல்வது பெரும்பாலும் இழக்காதவர்கள்தான். எப்போது பேசுவது என்பதை உங்கள் குழு முடிவு செய்ய வேண்டாம், இழந்தவர்கள் சொல்லட்டும்.

கரையோரம்:
எல்லோருக்கும் நன்றி. மணற்கேணி சொன்னது சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் இதுவரை நாங்கள் இழந்த குடும்பங்களிடம் கேட்கவே இல்லை. கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் இரண்டு தரப்பிலும் வீடு வீடாகப் போய், பேச விருப்பமா, யார் முன்னால், யார் கூட இருக்க வேண்டும் என்று கேட்கப்போகிறோம். அப்புறம் ஒரு சந்தேகம், வழிப்போக்கன். கூரை வேலைக்கு முதல் நாள் இரண்டு தரப்பையும் யார் போய் அழைத்தீர்கள், ஒரே ஆளா, தரப்புக்கு ஒருவரா?

வழிப்போக்கன்:
தரப்புக்கு ஒருவர். இரண்டு பேருமே தாய்மார்கள், அந்தப் பள்ளியில் பிள்ளை படித்தவர்கள். எங்கள் குழுவிலிருந்து யாரும் கூடப் போகவில்லை.