இருவர் சேர்ந்து எழுதும் நிரலுக்கு கிட்டா, மெர்க்குரியலா, சப்வெர்ஷனா?

தென்றல் (கேள்வி):
வணக்கம். சிறு கடைகளுக்கான இருப்புக் கணக்கு நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதி வருகிறேன். இதுவரை ‘கணக்கு_புதியது’, ‘கணக்கு_புதியது_இறுதி’ என்று கோப்புறைகளை நகலெடுத்தே காலம் தள்ளினேன். இனி நண்பர் ஒருவரும் சேர்ந்து எழுதவிருப்பதால், முறையான பதிப்புக் கட்டுப்பாடு (மாற்றங்களை வரலாறாகப் பதிந்துவைக்கும் மென்பொருள்) தேவைப்படுகிறது. கிட் கடினம், மெர்க்குரியல் எளிது, சப்வெர்ஷன் பழையது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் பகுதியில் இணைய இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும். எதில் தொடங்குவது நல்லது?

கணிமுகில்:
இணைப்பு நிலையாக இல்லை என்றால் சப்வெர்ஷன் உங்களுக்கு ஒத்துவராது. கமிட் செய்வதற்கும் (மாற்றங்களை வரலாற்றில் பதிவதற்கும்) பழைய பதிவுகளைப் பார்ப்பதற்கும் அது சேவையகத்தை நாடும். மற்ற இரண்டிலும் முழு வரலாறும் உங்கள் கணினியிலேயே இருப்பதால், நாள் முழுவதும் இணையமின்றிக் கமிட் செய்துவிட்டு, இணைப்பு வந்ததும் புஷ் செய்யலாம் (சேவையகத்துக்கு அனுப்பலாம்). லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்கு இலவசமாகக் கிடைத்துவந்த பிட்கீப்பர் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் 2005இல் நிறுத்தப்பட்டதையொட்டி, அதே ஏப்ரலில் பிறந்தவை இவ்விரண்டும். மெர்க்குரியலின் கட்டளைகள் தெளிவானவை என்பது உண்மைதான். ஆயினும் நிரல்களை இணையத்தில் வைத்திருக்க உதவும் பிட்பக்கெட் தளம் 2020இல் அதற்கான ஆதரவைக் கைவிட்டது. பயர்பாக்ஸ் உலாவியின் நிரலை மெர்க்குரியலில் வைத்திருந்த மோசில்லாவே அதை 2025இல் கிட்டுக்கு மாற்றிவிட்டது. சிக்கல் வரும்போது கேட்க ஆள் வேண்டுமென்றால் கிட்டையே எடுங்கள்.

பழைய பதிவர்:
கிட் கடினம் என்ற பேச்சில் பாதி, பழைய பாடங்களால் வந்தது. கிளை (நிரலின் இணையான தனி வடிவம்) மாறுவதற்கும், கோப்பில் செய்த மாற்றத்தைக் கைவிடுவதற்கும் ‘செக்அவுட்’ என்ற ஒரே கட்டளையை அவை கற்பிக்கின்றன. 2019இல் வந்த 2.23ஆம் பதிப்பிலிருந்து முன்னதற்கு ‘ஸ்விட்ச்’, பின்னதற்கு ‘ரெஸ்டோர்’ எனத் தனித்தனியாக உள்ளன. புதியவரை உண்மையில் குழப்புவது, அடுத்த கமிட்டில் சேர வேண்டியதைக் குறிக்கும் ‘ஆட்’ கட்டளைதான்: ஒரு கோப்பை ஆட் செய்த பிறகு மீண்டும் திருத்தினால், அப்படியே கமிட் செய்யும்போது முந்தைய வடிவமே பதிவாகும். ஆகவே கமிட்டுக்கு முன், எவை பதிவாகும் என்று காட்டும் ‘ஸ்டேட்டஸ்’ பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அச்சுக்கூடம்:
சப்வெர்ஷனை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம். இருவர் திருத்தியதை ஒன்றிணைக்க இயலாத வடிவமைப்புக் கோப்புகளை ஒருவர் மட்டும் பூட்டித் திருத்தும் வசதி அதில் இயல்பாகவே உண்டு. கிட் நிரல்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளமோ 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை நேரடியாக ஏற்பதில்லை. வெறும் நிரல் மட்டும் என்றால், கணிமுகில் சொன்னதை ஏற்கிறேன்.

தென்றல்:
நிரல் மட்டும்தான், கூடவே கடையின் விற்பனைத் தரவு உள்ள எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதையும் சேர்க்கலாமா?

பழைய பதிவர்:
வேண்டாம். அட்டவணைகளை உருவாக்கும் கட்டளைக் கோப்பை மட்டும் சேர்த்து, தரவுக் கோப்பின் பெயரை முதல் கமிட்டுக்கு முன்பே, கிட் சேர்க்காமல் விட வேண்டியவற்றைப் பட்டியலிடும் ‘கிட்இக்னோர்’ கோப்பில் எழுதிவிடுங்கள். ஒருமுறை கமிட் ஆகிவிட்டால், பிறகு அழித்தாலும் வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும்.