பழைய பூல் டேபிள், தகட்டில் "மோனார்க்" என்று இருக்கிறது: இழைத்துப் புதுசாக்கலாமா, அப்படியே வைக்கலாமா?

பச்சைத்துணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தெரிந்த குடும்பம் ஒன்று பெரிய வீட்டை விட்டுச் சின்ன வீட்டுக்குப் போகிறது, அவர்களிடம் இருக்கும் பழைய பூல் டேபிளை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் நிறைய விளையாடியிருக்கிறார்கள், அப்புறம் மேலே பலகை போட்டுச் சாமான் அடுக்கி வைத்துவிட்டார்களாம். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆறு கால், எல்லாம் மரம். பக்கப் பலகை முழுக்க மெல்லிசாக ஒட்டிய கருஞ்சிவப்பு வெனியர், நடுநடுவே வெளிர் மரத்தில் பதிப்பு வேலை. பாக்கெட் எல்லாம் தோல், வலைதான் கிழிந்திருக்கிறது. பந்து மோதித் திரும்பும் ரப்பர் விளிம்பான குஷனின் நுனியிலிருந்து எதிர் நுனிக்கு அளந்தால் நீளம் 100 அங்குலம், அகலம் 50. குஷன் ஒட்டியிருக்கும் ஓரக்கட்டை, அதாவது ரெயில், ஒன்றில் சின்ன வெள்ளைத் தகடு, அதில் பிரன்ஸ்விக்-பால்க்-காலெண்டர் கம்பெனி என்றும், கீழே மோனார்க் குஷன்ஸ் என்றும் இருக்கிறது. தேடிப் பார்த்தால் மோனார்க் என்பது சேகரிப்பாளர்கள் துரத்திக்கொண்டு அலையும் மேசை என்று வருகிறது. இது அதுதானா? எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாலிஷ் கறுத்து, மேலெல்லாம் முதலைத் தோல் போல வெடித்திருக்கிறது. எனக்குத் தெரிந்த தச்சர் மொத்தமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு பாலியூரித்தேன் அடித்துத் தருகிறேன் என்கிறார், சரி சொல்லலாமா? குஷன் ரப்பர் கல் மாதிரி ஆகிவிட்டது. எப்படி எடுத்து வருவது என்பதும் கவலை.

ஸ்லேட்பிரியன் எழுதியது:

முதலில் அந்தத் தகட்டை முடித்துவிடுவோம். மோனார்க் என்பது அந்தக் கம்பெனி தன் குஷனுக்கு வைத்த பெயர். பற்பல மாடல்களில் இதே தகட்டை அடித்திருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு மேசையின் பெயரே அதுதான் என்று நினைத்து விற்பவர்களும் வாங்குபவர்களும் ஏராளம். நீங்கள் தேடலில் பார்த்த மோனார்க் மேசைக்குக் காலே வார்ப்பிரும்புச் சிங்கம், நான்கு மூலையிலும் நான்கு சிங்கம் தாங்கி நிற்கும். உங்களுடையது ஆறு மரக்கால் என்கிறீர்கள், ஆகவே அது இல்லை. இதில் ஏமாற்றமடைய ஒன்றுமே இல்லை, ரோஸ்வுட் வெனியரும் பதிப்பு வேலையும் உள்ள அந்தக் காலத்து மேசை ஒன்று முழுசாகக் கிடைப்பதே பெரிய விஷயம்.

காலத்தைக் கம்பெனிப் பெயரே ஓரளவு சொல்லிவிடும். ஜான் மோசஸ் பிரன்ஸ்விக் சுவிட்சர்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர், சின்சினாட்டியில் வண்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார், 1845இல் பில்லியர்ட்ஸ் மேசை செய்ய ஆரம்பித்தார். பின்னால் ஜூலியஸ் பால்க் கூட்டு சேர்ந்தார், 1884இல் ஹியூ காலெண்டரின் கம்பெனியும் சேர்ந்து இந்த மூன்று பெயர் கோத்த நிறுவனம் ஆனது. 1960இல் பிரன்ஸ்விக் கார்ப்பரேஷன் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆக 1884க்கு முன்னால் போகாது, 1960ஐத் தாண்டாது. அந்த நீண்ட இடைவெளியைச் சுருக்குவது தோற்றம்தான். 1945இல் நூற்றாண்டு நினைவாக வந்த ஆனிவர்சரி மாதிரியான மேசைகள் வழவழவென்று, அலங்காரம் குறைந்து, நவீனமாக இருக்கும். நீங்கள் சொல்லும் வெனியரும் பதிப்பு வேலையும் அதற்கு ரொம்ப முந்தைய ரசனை, 19ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்று துணிந்து சொல்வேன். மாடல் பெயருக்கு அந்தக் கம்பெனியின் பழைய விலைப்பட்டியல் படங்களோடு காலின் வடிவத்தையும் பதிப்புக் கோலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கால்தான் முக்கியம், அதை மாற்றியவர்கள் குறைவு.

அந்த வெள்ளைத் தகடு தந்தமாகவும் இருக்கலாம், செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். செல்லுலாய்டு என்றால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசனை வரும். சூடான ஊசி வைத்துச் சோதிக்கச் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம், செல்லுலாய்டு குப்பென்று எரியும். இதற்குப் பின்னால் அழகான ஒரு தொடர்பு இருக்கிறது: இதே காலெண்டரும் அவருடைய மாமனார் மைக்கேல் ஃபெலனும் நடத்திய கம்பெனிதான் 1863இல், தந்தத்துக்கு மாற்றாகப் பந்து செய்யத் தக்க பொருளைக் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. அதைத் துரத்தித்தான் ஜான் வெஸ்லி ஹையட் செல்லுலாய்டுக்கு வந்து சேர்ந்தார். பிளாஸ்டிக் யுகத்துக்கே பில்லியர்ட்ஸ் மேசையோடு உறவு உண்டு. எனக்கு இந்த மேசைகள் மேல் இவ்வளவு பித்து பிடித்ததற்கு இந்த மாதிரிக் கதைகளும் காரணம்.

ரெயில்களின் அடிப்பக்கமும் சட்டத்தின் உள்பக்கமும் அச்சடித்த எண் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே எண் என்றால் மேசை கலப்படமில்லாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

தேக்குமரம் எழுதியது:

தச்சரிடம் உப்புத்தாளைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். வெனியர் என்பது காகிதத்தை விடக் கொஞ்சம் கனமான மரத்தோல், மெஷின் வைத்துத் தேய்த்தால் ஒரு நொடியில் அடி மரம் தெரிந்துவிடும், அதை எந்தக் கொம்பனாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

கறுத்து வெடித்திருப்பது பெரும்பாலும் மேல் பூச்சுதான், மரம் இல்லை. கண்ணுக்குப் படாத இடத்தில், ஒரு காலின் உள்பக்கமாக, ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பாருங்கள். பூச்சு இளகி ஒட்டினால் அது ஷெல்லாக், நம் அரக்குதான். அரக்கின் அருமையே அதை மறுபடி கரைக்க முடியும் என்பதுதான். ஸ்பிரிட்டில் நனைத்த துணியைப் பட்டும் படாமல் இழுத்தால் வெடிப்பு இளகி ஒன்றோடொன்று சேரும், அதன் மேல் மெல்லிசாகப் புது அரக்கு ஏற்றலாம். நூறு வருஷத்து நிறம் அப்படியே நிற்கும். பாலியூரித்தேன் போட்டுவிட்டால் அப்புறம் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், சுரண்டினால் வெனியர் போகும். அடித்த பிறகு பளபளவென்றுதான் இருக்கும், ஆனால் மேசையின் வயது முழுக்கத் துடைத்துப் போய்விடும்.

அதற்கும் முன்னால் அழுக்கை எடுங்கள். மினரல் டர்பன்டைனில் லேசாக ஈரமாக்கிய துணி போதும், பாதி கறுப்பு அதிலேயே வந்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், நீராவி மெஷின் வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்து வெனியரை வச்சிரம், அதாவது மிருகத் தோலிலிருந்து எடுக்கும் பசை, காய்ச்சி ஒட்டியிருப்பார்கள், சூடும் ஈரமும் பட்டால் விட்டுவிடும். அதே குணம் நமக்கு வசதியும் கூட: எங்கேயாவது வெனியர் தூக்கியிருந்தால் லேசான சூடு காட்டி அழுத்தி வைத்தால் பழைய பசையே பல சமயம் மறுபடி பிடித்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் புது வச்சிரம் கொஞ்சம் உள்ளே விட்டால் போதும்.

இன்னொன்று. வெனியர் பிரேசில் ரோஸ்வுட்டாக இருந்தால் அந்த மரம் 1992 முதல் சைட்டிஸ் என்ற, அருகி வரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, யானைத் தந்தத்துக்கும் கடுமையான கட்டுப்பாடு உண்டு. பின்னால் நாடு விட்டு நாடு கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் முதலில் காகிதங்களைப் பாருங்கள், மேசையை அப்புறம் கழற்றலாம்.

மூன்றாம்பந்து எழுதியது:

மர விஷயத்தில் தேக்குமரம் அண்ணன் சொன்னதற்கு மறுபேச்சில்லை. ஆனால் ரப்பரை மட்டும் யாரும் "ஒரிஜினல், தொடாதே" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இது விளையாடச் செய்த பொருள், பந்து ஓடாத மேசையை ஹாலில் நிறுத்தி வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. ரப்பர் தேய்மானப் பொருள், துணியும் அப்படியே. ஒரு பந்தை நீளவாட்டில் பலமாக அடித்துப் பாருங்கள், நல்ல குஷன் என்றால் மேசையின் நீளத்தை நான்கு, நான்கரை தடவையாவது கடக்க வேண்டும். நகத்தை அழுத்தினால் பதியவே பதியாத ரப்பரில் இரண்டு தடவை ஓடினாலே ஆச்சரியம்.

மாற்றும்போது எல்லோரும் கே-66 என்பார்கள், இன்றைய மேசைகளில் அதிகம் இருப்பது அந்த வடிவம்தான். பழைய ரெயிலின் மரம் அதற்காக வெட்டப்பட்டிருக்காது என்பதுதான் சிக்கல். கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினால் நுனி உயரம் தப்பிப் போகும். உயரம் பந்தின் விட்டத்தில் ஏறக்குறைய 63.5 சதவீதம் இருக்க வேண்டும், 57.15 மில்லிமீட்டர் பந்துக்கு அது 36 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உயரம் கூடினால் பந்து அடங்கி இறுகும், குறைந்தால் பலமாக அடிக்கும்போது துள்ளும். ரெயிலின் மரத்தை இழைத்துக் கோணம் மாற்றினால் சரியாகிவிடும், நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

தேக்குமரம் எழுதியது:

ரப்பர் மாற்றுவதில் எனக்கும் ஆட்சேபனை இல்லை, மூன்றாம்பந்து. மரத்தை வெட்டுவதில்தான். முதலில் பழைய ரப்பரில் ஒரு துண்டு குறுக்காக அறுத்து அதன் வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும். அதே வடிவத்துக்கு நெருக்கமான ரப்பர் கிடைத்தால் அதைப் போட்டால் தீர்ந்தது. கிடைக்காவிட்டால் ரெயிலில் புது மரத்துண்டை வச்சிரம் போட்டு ஒட்டி, அந்தத் துண்டை இழைத்துக் கோணம் கொண்டுவாருங்கள். நாளைக்கு யாராவது பழையபடி ஆக்க நினைத்தால் கழற்றிவிடலாம். இரண்டு நாள் கூடுதல் வேலைதான். பழைய ரப்பரையும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.

ரசமட்டம் எழுதியது:

எடுத்து வருவது பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான். அடியில் படுத்துப் பாருங்கள், சாம்பல் நிறக் கல்லும் குறுக்கே இரண்டு இணைப்பும் தெரிந்தால் மூன்று துண்டு ஸ்லேட். கல் ஒரு அங்குலக் கனமே என்றாலும் உங்களுடையது போன்ற, 9 அடி என்று சொல்லப்படும் மேசைக்கு மொத்தம் 250 கிலோவைச் சுற்றி வரும், ஒரு துண்டு 80 கிலோவுக்கு மேல். பழைய மேசைகளில் ஒன்றரை அங்குலக் கல்லும் சகஜம், அப்படியானால் ஒரு துண்டே 120 கிலோவைத் தாண்டும். ஆகவே முழு மேசையை நான்கு பேர் தூக்கி வண்டியில் ஏற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

வரிசை இதுதான்: பாக்கெட், ரெயில், துணி, பிறகு கல். கழற்றும் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பென்சிலால் இடம் குறியுங்கள், கல்லின் வரிசையும் திசையும் மாறக் கூடாது. கல்லைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகாணிகள் மெழுகுக்கோ பிளாஸ்டருக்கோ அடியில் ஒளிந்திருக்கும், எல்லாவற்றையும் எடுத்தாயிற்றா என்று தடவிப் பார்க்காமல் நெம்பினால் மூலை உடையும். எடுத்துப் போகும்போது கல்லை நெட்டுக்குத்தாக, விளிம்பில் நிறுத்தித்தான் கொண்டுபோக வேண்டும். படுக்கப் போட்டால் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது தன் எடையிலேயே விரிசல் விடும்.

உடைந்தால் இழப்பு பெரியது. 1826 வாக்கில் லண்டனில் ஜான் தர்ஸ்டன் ஸ்லேட் போட ஆரம்பிக்கும் வரை மேசைக்கு மரத்தளம்தான், கோடைக்கு ஒரு வளைவு, மழைக்கு ஒரு வளைவு. கல் வந்த பிறகுதான் பந்து நேராக ஓடியது. அதனால் பொருத்தும்போதும் பொறுமை வேண்டும். முதலில் சட்டத்தை ரசமட்டம் பார்த்துச் சமன் செய்யுங்கள், பிறகு கல்லை வைத்து, இணைப்புகளில் விரல் நகம் தட்டாத அளவுக்கு மெல்லிய ஆப்பு சொருகி ஏற்றி இறக்குங்கள். இணைப்பை நிரப்பத் தேன்மெழுகே போதும், அடுத்த முறை சூடு காட்டினால் வந்துவிடும். தச்சர் மட்டப்பலகை இதற்குப் பத்தாது, இயந்திரப் பட்டறையில் வைத்திருக்கும் நுண்ணிய ரசமட்டம் கிடைத்தால் வாங்கி வாருங்கள்.

அறையையும் அளந்தீர்களா? பந்தை அடிக்கும் 58 அங்குலக் கோல், அதாவது க்யூ, எல்லாப் பக்கமும் தாராளமாகப் பின்வாங்க வேண்டுமானால் உங்கள் மேசைக்கு 18 அடிக்குப் 14 அடி இடம் வேண்டும்.

பச்சைத்துணி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று மறுபடி போய்ப் பார்த்தேன். தச்சரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்பிரிட் வைத்ததும் பூச்சு பிசுபிசுவென்று இளகியது, அரக்குதான். அறை நீளம் சரி, அகலத்தில் ஒரு சுவர் ஓரம் மட்டும் கொஞ்சம் நெருக்கடி, அந்தப் பக்கத்துக்குக் குட்டையான க்யூ வைத்துக்கொள்வேன். அடியில் மூன்று துண்டுக் கல், தட்டினால் மணி போல் ஒலிக்கிறது. எண்களும் கிடைத்தன. சட்டத்திலும் ஐந்து ரெயில்களிலும் ஒரே எண், ஆறாவது ரெயிலில் மட்டும் வேறு. இது பெரிய குறையா? வாங்காமல் விடலாமா?

ஸ்லேட்பிரியன் எழுதியது:

விடாதீர்கள். மேசைகள் ஜோடி ஜோடியாக நின்ற பில்லியர்ட்ஸ் கூடங்களில் கழற்றிப் பூட்டும்போது ரெயில் மாறிப் போவது நடக்கக் கூடியதுதான். எண் வேறானாலும் அதே கம்பெனி, அதே மாடல் ரெயிலாக இருந்தால் சேகரிப்பாளர் கண்ணில் அது சின்ன வடுதான். வேறு மாடலிலிருந்து வந்து, இந்த மேசைக்குத் தக்கபடி வெட்டி ஒட்டியது என்றால் கதை வேறு, அப்போது அந்த ஒன்றை மட்டும் நல்ல கைக்காரரிடம் கொடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டிவரும்.

பார்க்க வேண்டியது இவை. ரெயில் மேல் பதித்த குறிகள் மற்ற ஐந்தில் உள்ள அதே பொருளா, முத்துச்சிப்பிக்கு நடுவே ஒன்று மட்டும் எலும்பா? போல்ட் துளைகள் கல்லின் துளைகளோடு நேராக நிற்கின்றனவா, இல்லை பழைய துளையை அடைத்துப் பக்கத்தில் புதிது போட்டிருக்கிறார்களா? வெனியரின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது? தகடு இருப்பது அந்த ரெயிலில்தானா? அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் அப்படியிருந்தால் நாம் காலம் கணித்ததையே மறுபடி யோசிக்க வேண்டும். ஆறாவது ரெயிலின் அடிப்பக்கத்தையும் காலையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, குஷன் நுனி உயரத்தோடு இங்கே போடுங்கள்.