8 மாத இடைவெளிக்குப் பிறகு சைக்கிள்: மூச்சு தாங்குது, முட்டி தாங்கல

காற்றுவழி:
மணிக்கட்டு எலும்பு முறிவு, கூடவே வலது முட்டி வலி. 8 மாசம் சைக்கிளைத் தொடல. எலும்பு கூடிடுச்சு, ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டார். ரெண்டு வாரமா ஓட்டறேன். 20 கி.மீ. போனாலும் மூச்சு வாங்கல. ஆனா 12 கி.மீ. தாண்டினதும் முட்டிச் சில்லைச் சுத்தி வலி, மேட்டுல கூடுது. படி இறங்கும்போதும் இருக்கு. வீக்கம் இல்ல. அரை மணி நேரத்துல சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகுது. ரோடு பைக், கிராங்க் (பெடலைத் தாங்கற கை) 172.5 மி.மீ., பல் எண்ணிக்கை முன்னாடி 52/36, பின்னாடி 11-28. கால் உள்நீளம் 82 செ.மீ., சீட் உயரம் (கிராங்க் அச்சு நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை) 70 செ.மீ. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பல்சக்கரம்:
சீட்டிலிருந்து. உள்நீளத்தை 0.883 ஆல் பெருக்கும் பழைய கணக்குப்படி உங்களுக்கு 72.4 செ.மீ. வருகிறது. அது வேதவாக்கு இல்லை, ஆனால் 2.4 செ.மீ. வித்தியாசம் பெரிது. சீட் தாழ்ந்தால் முட்டி அதிகம் மடங்கிய நிலையில் மிதிக்க நேர்கிறது, சில்லு தொடையெலும்பின் மேல் அழுந்துகிறது. படி இறங்கும்போது வலிப்பதும் இதே அழுத்தத்தால்தான்.

இப்படிச் சரிபாருங்கள்: சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, ஓட்டும் ஷூவோடு உட்கார்ந்து, குதிகாலை பெடலில் வைத்துப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும்.

ஒரே நாளில் 2 செ.மீ. ஏற்றாதீர்கள். 5 மி.மீ. ஏற்றி, இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த 5. சீட் போஸ்டில் (சீட்டைத் தாங்கும் குழாய்) டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வசதி. போஸ்டில் பொறித்திருக்கும் குறைந்தபட்சச் செருகல் கோடு வெளியே தெரியக் கூடாது.

மேட்டுப்பாதை:
சீட் விஷயத்துல பல்சக்கரம் சொன்னது சரி. ஆனா கியரை மாத்தாம சீட்டை மட்டும் ஏத்தினா மேட்டுல வலி திரும்ப வரும்.

கணக்கு பாருங்க. 150 வாட் சக்தியை நிமிஷத்துக்கு 60 சுத்துல மிதிச்சா கிராங்குல 24 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேணும். அதே 150 வாட், 90 சுத்துல 16 போதும். வேகம் ஒண்ணுதான், முட்டிக்கு மூணுல ஒரு பங்கு பாரம் குறையுது. முன்னாடி 36, பின்னாடி 28 பல்லுல, மணிக்கு 10 கி.மீ. வேகத்துல ஏறினா சுமார் 62 சுத்துதான் வரும். பின்னாடி 34 பல் இருந்தா 75. அதனால 11-34 கேசட் (பின் சக்கரப் பல்லடுக்கு) போடுங்க. பின் டிரெய்லியர் (செயினைப் பல் மாத்தற கருவி) நீளக் கூண்டு வகையா, 34 தாங்குமான்னு முதல்ல பார்க்கணும், செயினும் நீளமா வேணும். பழைய செயினையே விட்டுட்டு முன்னாடியும் பின்னாடியும் பெரிய பல்லுல போட்டா டிரெய்லியர் பிஞ்சு வந்துடும்.

மூச்சு தாங்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் ஆபத்து. நெஞ்சும் நுரையீரலும் சில வாரத்துல தேறிடும், தசைநாணுக்கும் குருத்தெலும்புக்கும் மாசக்கணக்காகும். தூரத்தை முட்டிதான் முடிவு பண்ணணும். இப்போ 12-ல வலிக்குதுன்னா 8 கி.மீ.யில நிறுத்துங்க. வாரம் மூணு நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி, சமதரை, 85 சுத்துக்கு மேல, பேசிக்கிட்டே ஓட்டற வேகம். அடுத்தடுத்த வாரம் 5 நிமிஷம் கூட்டலாம். 60 நிமிஷம் ரெண்டு வாரம் வலியில்லாம ஓட்டின பிறகு மேடு. எழுந்து நின்னு மிதிக்கிறது கடைசி.

காலையில பல் தேய்க்கறதுக்கு முன்னாடி 15 செ.மீ. உயரப் படியில நின்னு, வலது கால் பலத்துல மெதுவா இடது குதிகாலைத் தரையில தொடுங்க, 10 முறை. வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்க. ஓட்டும்போது 3 வரை வந்தா பரவாயில்ல, மறுநாள் காலையில பழைய மார்க்குக்கு இறங்கியிருக்கணும். இறங்கலைன்னா முந்தின ஓட்டம் அதிகம், 20 சதவீதம் குறைங்க.

ஓட்டாத நாள்கள்ல ரெண்டு நாள் சுவர்ல முதுகு சாய்ச்சு உட்காரும் பயிற்சி: 45 விநாடி, 5 தடவை, நடுவுல 2 நிமிஷ ஓய்வு. தொடை தரைக்கு இணையா வர்ற அளவு இறங்காதீங்க, அது சில்லைத்தான் அழுத்தும்.

முட்டி பூட்டிக்கிட்டாலோ, கால் திடீர்னு தளர்ந்தாலோ, வீங்கினாலோ இதெல்லாம் நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க.

நெடும்பயணி:
கையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சுண்டு விரல், மோதிர விரல் மரத்தால் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஓடும் அல்நார் நரம்பு நசுங்குகிறது. அடிபட்ட மணிக்கட்டு என்பதால் அலட்சியம் வேண்டாம். இறங்கிய பிறகும் நெடுநேரம் மரத்தே இருந்தால், பிடி தளர்ந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சீட்டை 2 செ.மீ. ஏற்றினால் ஹேண்டில்பார் 2 செ.மீ. தாழ்ந்ததற்குச் சமம். சீட் குழாய் 73 டிகிரி சாய்வில் இருப்பதால் சீட் 6 மி.மீ. பின்னாலும் போகும். ஆக, கைமேல் பாரம் கூடும். 100 மி.மீ. நீள, மைனஸ் 6 டிகிரி ஸ்டெம் (ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் துண்டு) என்றால் கழற்றித் தலைகீழாக மாட்டுங்கள். ஹேண்டில்பார் சுமார் 20 மி.மீ. உயரும், 6 மி.மீ. அருகிலும் வரும், சீட் மாற்றத்துக்குச் சரிக்குச் சரி. மாட்டும்போது முதலில் மேல் மூடி போல்ட்டால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) ஆட்டத்தை எடுங்கள், அதன் பிறகே பக்கவாட்டு போல்ட்டுகள், ஸ்டெம்மில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு. வரிசை மாறினால் முன்பிரேக் பிடிக்கும்போது ஹெட்செட் ஆடும்.

சீட் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, முழுப் பாரமும் கைக்குப் போகும்.

காற்றுவழி:
மூணு வாரம் ஆச்சு. சீட் 71.5, ஸ்டெம் திருப்பியாச்சு, விரல் மரப்பு போயிடுச்சு. முன்பக்க வலி 5-லேர்ந்து 2. ஆனா இப்போ முட்டிக்குப் பின்னாடி லேசா இழுக்குது. இன்னும் 72-க்கு ஏத்தணுமா?

பல்சக்கரம்:
வேண்டாம். பின்புற இழுவை, கால் எட்டிப் பிடிப்பதன் அறிகுறி. உயரத்தை அப்படியே வைத்து, பின்னால் போன சீட்டை அதன் அடியிலுள்ள கம்பிகளில் 4 மி.மீ. முன்னால் தள்ளுங்கள். இரண்டு ஓட்டத்திலும் இழுவை விடவில்லை என்றால் உயரத்தை 71.2 ஆக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.