பாசிப் படியில் ஓடும் நாயகி: உராய்வுக் கணக்கா, ஆடுபவரின் பிடியா?

மயிலை கார்த்தி:
மயிலாப்பூர் தெப்பக்குளத்தை வைத்து நாங்கள் செய்யும் கேமில், மழை விட்டதும் நாயகி பாசி படிந்த படிகளில் ஓடுகிறாள். வழுக்கலை எப்படிக் காட்டுவது என்பதில் எங்கள் குழுவில் இரண்டு கட்சி. உண்மையான உராய்வைக் கணக்கிட வேண்டும் என்பது என் கட்சி; கட்டுப்பாடு ஆடுபவர் கையை விட்டுப் போகக் கூடாது என்பது செல்வியின் கட்சி.

அன்ரியல் என்ற கேம் எஞ்சினில் தரை உராய்வுக்கான கிரவுண்ட் ஃபிரிக்‌ஷனை 8-இலிருந்து 1-க்கு இறக்கினால் போதும் என்கிறார்கள். போதாது. நிற்கும்போது வேகம் எவ்வளவு சீக்கிரம் குறையும் என்று சொல்லும் பிரேக்கிங் டிசெலரேஷன் 2048-இலேயே கிடக்கிறதே? அது விநாடி வர்க்கத்துக்கு இத்தனை சென்டிமீட்டர் என்ற கணக்கு. புவியீர்ப்பின் 980-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல். எந்தச் செருப்புக்கும் அந்தப் பிடிப்பு கிடையாது. உராய்வுக் கெழு 0.1 உள்ள தரை என்றால் அங்கே 98தான் வர வேண்டும். வேகமெடுப்பதற்கும் அதே 98தான், உந்துவதும் அதே தரையைத்தானே? எஞ்சினில் உள்ள கிரவுண்ட் ஃபிரிக்‌ஷன் பூச்சியம். இப்படி வைத்தால்தான் கணக்கு நேராகும்.

யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினில் வேலை செய்பவர்கள் கவனிக்க: பாத்திரத்தை நகர்த்தும் கேரக்டர் கண்ட்ரோலர், தரையின் உராய்வைக் குறிக்கும் ஃபிசிக்ஸ் மெட்டீரியலைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

வடபழனி செல்வி:
கணக்கு சரி கார்த்தி, அதை வைத்து ஆடிப் பாருங்கள். விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருபவள் நிற்க 4.6 மீட்டர் போக வேண்டும். வேகம் குறையாமல் வளைய 9 மீட்டருக்கு மேல் ஆரம் வேண்டும். படியில் அத்தனை இடம் எங்கே இருக்கிறது? கேம்பேட் ஸ்டிக்கைத் திருப்பியும் அவள் திரும்பவில்லை என்றால், ஆடுபவர் தரையைத் திட்டமாட்டார், கேமைத்தான் திட்டுவார். 1988-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-இல் பனித்தரை வழுக்கும்; ஆனாலும் நினைத்த நொடியில் தாவலாம். அந்தப் பிடி ஆடுபவர் கையில் இருக்க வேண்டும். நியூட்டனுக்காக நான் அதை விடமாட்டேன்.

ராயபுரம் ராஜன்:
நான் அனிமேஷன் பக்கம். நாயகிக்குப் பதிலாக எஞ்சின் நகர்த்தும், கண்ணுக்குத் தெரியாத ஒரு காப்ஸ்யூலுக்காக நீங்கள் இரண்டு பேரும் சண்டை போடுகிறீர்கள், காலைப் பற்றிப் பேச்சே இல்லை.

மழை நாளில் கோயில் பிரகாரத்தில் நடப்பவர்களைப் பாருங்கள். எடுத்துவைக்கும் எட்டு குறுகிவிடும். குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதத்தை மொத்தமாக வைப்பார்கள். முழங்கால் லேசாக மடங்கும், கை உடம்பை விட்டு விலகும். சமதளத்தில் சாதாரணமாக நடக்கவே 0.2 அளவு உராய்வு தேவை. அது கிடைக்காத இடத்தில் குதிகால் ஊன்றும் நொடியில் முன்னால் ஓடிவிடும், ஆள் மல்லாந்துவிடுவார். எட்டைக் குறுக்கினால் அந்தத் தேவையே குறைகிறது. நம் கேம்களில் வேகம் மட்டும் மாறுகிறது, நடை காய்ந்த ரோட்டு நடையாகவே இருக்கிறது. பொய் அங்கேதான் தெரிகிறது.

பாதம் சறுக்கக் கூடாது என்று ஐகே (பாதம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஏற்பக் கால் மூட்டுகளை வளைக்கும் கணக்கு) வைத்துத் தரையில் பூட்டுகிறோமே, அந்தப் பூட்டைப் பாசியில் ஊன்றிய காலுக்கு மட்டும் தளர்த்துங்கள்.

மயிலை கார்த்தி:
இது பிடித்திருக்கிறது ராஜன் அண்ணா. அப்படியானால் ஒவ்வொரு நடைக்கும் எவ்வளவு உராய்வு தேவை என்று ஒரு எண், தரை எவ்வளவு தரும் என்று ஒரு எண். தேவை மிஞ்சினால் சறுக்கல். ஸ்டிக்கைப் பாதி தள்ளினால் பதுங்கு நடை, முழுதாகத் தள்ளினால் ஓட்டம். ஓடி விழுந்தால் அது ஆடுபவரின் முடிவு.

வடபழனி செல்வி:
அவர் முடிவு என்று சொல்ல வேண்டுமானால் அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். பாசியின் பச்சைப் பளபளப்பு நாலு படி முன்னாலேயே கண்ணில் படட்டும். முதல் சறுக்கலில் விழவே கூடாது. தள்ளாடட்டும், அந்த நேரத்தில் அவர் சுதாரிக்க வழி இருக்கட்டும். இதற்கு ஒப்புக்கொண்டால் நானும் வருகிறேன்.

மயிலை கார்த்தி:
தள்ளாட்டம் சரி. ஆனால் அந்த நேரத்திலும் 98-ஐத் தாண்டவிடமாட்டேன்.

வடபழனி செல்வி:
குறைந்தது 300 வேண்டும், இல்லாவிட்டால் சுதாரிப்பது பேருக்குத்தான். இன்னொன்று: கீபோர்டில் ஆடுபவர் பட்டனைப் பாதி அழுத்துவது எப்படி? ஷிஃப்டை ஏற்கனவே ஓட்டத்துக்குக் கொடுத்தாயிற்று.