பனிநிலையா, பனிபடுநிலையா?

அனைவருக்கும் வணக்கம்.

வானிலைக் கருவி ஒன்றின் திரைச் சொற்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதம், காற்றழுத்தம், மழையளவு எல்லாம் முடிந்தன. டியூ பாயிண்ட் (காற்று குளிரும்போது அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) மட்டும் இழுக்கிறது. பனிப்புள்ளி என்று போட்டேன். சரிபார்த்தவர், "பனி என்றால் சுழியத்தை ஒட்டித்தானே இருக்கும்? இங்கே 18 டிகிரி காட்டுகிறதே, கருவி பழுதா?" என்கிறார். வழி சொல்லுங்கள்.

----

முதலில் அந்தப் புள்ளியைத் தூக்குங்கள். கொதிநிலை, உருகுநிலை, உறைநிலை என்று வரிசை இருக்கும்போது புள்ளி எதற்கு? பனிநிலை போதும்.

இலக்கணமும் துணைக்கு வருகிறது. பனித்தல் என்றால் துளித்தல், நனைதல். கண் பனித்தது என்கிறோம். அப்பர் 'பனித்த சடை' என்றது உறைந்த சடையை அல்ல, நனைந்த சடையை. ஆக, பனித்த, பனிக்கின்ற, பனிக்கும் நிலை: வினைத்தொகை. வினைத்தொகையில் வலி மிகாது. பனிப்புள்ளியில் 'ப்' மிகுந்ததுமே பனி பெயராகிவிட்டது. சரிபார்த்தவரைக் குழப்பியது அந்த ஒற்றுதான்!

----

> பனித்தல் என்றால் துளித்தல்

நமக்குத் தெரியும், திரையைப் பார்ப்பவருக்கு? மூடுபனி, உறைபனி, பனிப்பாறை என்று பனியின் தலையில் ஏற்கெனவே ஏகப்பட்ட சுமை. நளி என்று ஓர் அருமையான சொல் சும்மா கிடக்கிறது. உரியியலில் தொல்காப்பியர் அதற்குப் பெருமை, செறிவு என்று பொருள் சொல்கிறார். குளிர்ச்சி என்ற பொருளும் உண்டு. காற்று குளிரக் குளிர நீராவி செறிந்து துளியாவதுதானே இங்கே நடப்பது? இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள். நளிநிலை!

புறநானூறு 66-இல் வெண்ணிக் குயத்தியார் 'நளியிரு முந்நீர்' என்று தொடங்கி, அடுத்த அடியிலேயே 'வளிதொழில் ஆண்ட' என்கிறார். நளியும் வளியும் பக்கத்துப் பக்கத்தில். காற்றுவேகமானியையும் வளிமானி ஆக்கிவிடலாம்.

----

ஐயா, முந்நீருக்கு அங்கே நளி என்பது கடலின் பெருமை. டியூ பாயிண்ட்டுக்கு அது சாட்சி சொல்லாது. வகுப்பில் நளிநிலை என்று எழுதினால் நளினம் என்று படிப்பார்கள்.

நான் செய்துகாட்டும் விதத்தைச் சொல்கிறேன். பளபளப்பான உலோகக் குவளையில் தண்ணீர், அதில் ஒரு வெப்பமானி. ஐஸ் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்க வேண்டும். வெளிப்பக்கம் மங்கத் தொடங்கும் கணத்தில் வெப்பமானி எவ்வளவு காட்டுகிறதோ, ஏறக்குறைய அதுதான் டியூ பாயிண்ட். அந்த நேரம் பிள்ளைகள் பனி என்று சொல்வதில்லை, "குவளை வேர்க்குது" என்கிறார்கள். அப்புறம் ஈரக்குமிழ் வெப்பநிலையோடு வேறு குழப்பிக்கொள்வார்கள். அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் ஈரத்துணி சுற்றிய குமிழ் சுமார் 22 காட்டும், குவளை சுமார் 18-இல்தான் வேர்க்கும். காற்று முழுக்க நிறைந்திருந்தால் மட்டுமே மூன்றும் ஒன்றாகும்.

பழைய பட்டியல்களில் பனிபடுநிலை இருக்கிறது. 'படு' வந்ததும் ஏதோ படிகிறது என்று புரிந்துவிடும். என் ஓட்டு அதற்கு.

----

வேர்க்கிறது என்றால் வேர்நிலை என்றே வைக்கலாமே? சும்மா கேட்டேன்.

----

வேண்டாம், செடியின் வேர் என்று நினைப்பார்கள்.

----

நன்றி. பனிபடுநிலைதான் தெளிவு, ஆனால் திரைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. எனவே திரையில் பனிநிலை, உதவிப் பக்கத்தில் பனிபடுநிலை. பெரும்பாலோர் சரி என்றுவிட்டார்கள், இன்றிரவு அனுப்புகிறேன்.

----

ஒரே கருவியில் ஒரே அளவுக்கு இரண்டு பெயரா? எனக்கு உடன்பாடில்லை, பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். வளிமானிக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவும்.